சொல்லாமல் சொல்லும் விளம்பரம்: உணவுப் பெயரில் ஒளிந்திருக்கும் போதைப்பொருள்

தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள குவாங்ஜாங் சந்தைக்குச் செல்பவர்கள் தேடிச் சென்று உண்ணும் பண்டம் ஒன்று உண்டு. விரல் நீளத்துக்கு உருட்டப்பட்ட சோற்றுச் சுருள் அது. உள்ளே கேரட்டும் ஊறவைத்த முள்ளங்கியும் இருக்கும். வெளியே கடற்பாசித் தாள் சுற்றி, மேலே எள் தூவியிருப்பார்கள். கடுகு கலந்த சோயா சாற்றில் தொட்டு உண்பது வழக்கம். இந்தச் சுருளுக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர் 'மயாக் கிம்பாப்'. கிம்பாப் என்பது சோற்றுச் சுருளைக் குறிக்கும் சொல்; மயாக் என்றால் போதைப்பொருள். ஒன்றைத் தின்றால் கை தானாக அடுத்ததற்குப் போகும் என்று சொல்வதற்காக வைத்த பெயர்தான் அது. சுருளுக்குள் சோறும் காய்கறியும் தவிர வேறொன்றும் இல்லை. இந்தப் பெயர் மக்களுக்குப் பிடித்துப்போகவே, மயாக் முட்டை, மயாக் தொக்போக்கி என்று பல பண்டங்களுக்கு அதே முன்னொட்டு பரவியது.

இப்படிப்பட்ட பெயர்களைக் குறித்து 2024 ஜூலை 3 முதல் தென்கொரியாவில் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பொருள்களின் பெயரிலும் விளம்பரத்திலும் போதைப்பொருளையோ அதைப் போன்றவற்றையோ குறிக்கும் சொற்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று வணிகர்களுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை அது அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அளித்தது. ஒரு சோற்றுச் சுருளின் பெயரில் அரசுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், உணவு விளம்பரத்தில் 'சமூகப் பொறுப்பு' என்று சொல்லப்படுவது எது, அது ஒரு சாதாரணப் பொய் விளம்பரப் பிரச்சினையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தைப் பற்றிய விதிகளில் பெரும்பகுதி உண்மை குறித்தவை. எண்ணெயில் இல்லாத சத்து இருப்பதாகச் சொல்லக் கூடாது, பழமே சேராத பானத்தைப் பழச்சாறு என்று விற்கக் கூடாது என்பவை இந்த வகை. இவற்றில் ஏமாறுபவர் வாங்குபவர். அவரைக் காப்பதே விதியின் நோக்கம். சமூகப் பொறுப்பு என்பது இதற்கு அப்பால் உள்ளது. வாங்குபவர் ஏமாறாவிட்டாலும், சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், அந்த விளம்பரம் கண்ணில் படும் மற்றவர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் ஏற்கெனவே ஒரு தீங்கில் சிக்கியவர்களுக்கும், அது என்ன செய்கிறது என்று கேட்பதே அதன் இயல்பு. மயாக் கிம்பாப்பை வாங்கும் எவரும் அதில் போதைப்பொருள் இருப்பதாக நம்புவதில்லை. ஆகவே அது பொய்யன்று. ஆனால் பொய்யன்று என்பதால் மட்டும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

இந்தக் கருத்து புதியதும் அன்று. சர்வதேச வணிகச் சங்கம் 1937-இல் முதன்முதலாக வெளியிட்ட விளம்பர நெறிமுறை, அதன் பிந்தைய பதிப்புகளில், எல்லா விளம்பரங்களும் சட்டத்துக்கு உட்பட்டும் கண்ணியமாகவும் நேர்மையாகவும் உண்மையாகவும் இருப்பதோடு, உரிய சமூகப் பொறுப்புணர்வோடு தயாரிக்கப்பட வேண்டும் என்கிறது. 1962-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் பின்பற்றும் நெறிமுறையிலும், நுகர்வோரிடத்தும் சமூகத்திடத்தும் பொறுப்புணர்வோடு விளம்பரம் அமைய வேண்டும் என்ற விதி முதல் அத்தியாயத்திலேயே இடம்பெறுகிறது. இந்தியாவில் 1985-இல் அமைந்த இந்திய விளம்பரத் தரநிலைக் குழுமத்தின் நெறிமுறை நான்கு பகுதிகளைக் கொண்டது; அவற்றுள் ஒன்று, சமூகத்துக்கும் தனிமனிதருக்கும் தீங்கு விளைவிக்கும் பொருள்களையும் சூழல்களையும் விளம்பரம் வளர்க்கக் கூடாது என்பதைப் பற்றியது.

விதி எழுதுவது எளிது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. போதைப்பொருளை வெளிப்படையாகப் பாராட்டி எந்த உணவு நிறுவனமும் விளம்பரம் செய்வதில்லை. குறிப்பாகத்தான் சொல்கிறார்கள். ஒரு எண், ஒரு கண்சிமிட்டல், ஒரு சிலேடை, பொட்டலத்தின் வடிவம், எழுத்தின் நிறம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரிந்தவர் புன்னகைப்பார், புரியாதவருக்கு அது வெறும் தின்பண்ட விளம்பரம். கேள்வி எழுந்தால், நாங்கள் அப்படி எதுவும் சொல்லவே இல்லையே என்று கைவிரித்துவிடலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதற்குக் குழூஉக்குறி என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வரும் எடுத்துக்காட்டுகள். அவற்றுள் ஒன்று கள்ளாக இருப்பது தற்செயல்தானா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மறைத்துப் பேச வேண்டிய பொருளுக்குத்தானே மறைபெயர் தேவைப்படும்!

இன்று உலகம் முழுவதும் கஞ்சாவுக்கு வழங்கும் குழூஉக்குறிகளில் மிகவும் பெயர்பெற்றது 420 என்னும் எண். 1971-இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் சான் ரஃபேல் ஊரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் சிலர் மாலை 4.20 மணிக்குக் கூடுவதை வழக்கமாக வைத்திருந்ததிலிருந்து இது பிறந்ததாகப் பரவலாக ஏற்கப்படுகிறது. அந்த எண் பின்னர் விலைப்பட்டியலுக்குள் புகுந்தது. 2018 ஜனவரியில் ஜாக் இன் த பாக்ஸ் என்னும் துரித உணவு நிறுவனம், கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் உள்ள மூன்று கிளைகளில் ஒரு சிறப்பு உணவுத் தொகுப்பைச் சில நாள்களுக்கு விற்றது. கஞ்சா புகைத்தபின் தோன்றும் பசியைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சைச் சொல் அதன் பெயரிலேயே இருந்தது, விலை 4.20 டாலர். 2019 ஏப்ரல் 20 அன்று, அதாவது அமெரிக்க முறையில் எழுதினால் 4/20 என்று வரும் நாளில், கார்ல்ஸ் ஜூனியர் நிறுவனம் டென்வர் நகரின் ஒரே ஒரு கிளையில், கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் மயக்கம் தராத சிபிடி என்னும் பொருளைச் சாற்றில் கலந்து ஒரு பர்கரை விற்றது. அதன் விலையும் 4.20 டாலர்தான்.

அதே எண்ணை நம் ஊரில் ஓர் உணவகத்தின் பலகையில் எழுதிப் பாருங்கள். கஞ்சா எவருக்கும் நினைவுக்கு வராது. 'ஃபோர் ட்வென்டி' என்றால் நமக்கு மோசடிக்காரன். ஆங்கிலேயர் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்கான பிரிவு 420 என்பதால் வந்த வழக்கு அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே மாறிவிட்டாலும் பேச்சில் எண் நிலைத்துவிட்டது. குறிப்புப் பொருள் என்பது எழுத்தில் இருப்பதன்று, கேட்பவர் மனத்தில் இருப்பது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது. ஆகவே ஒரு விளம்பரம் பொறுப்பற்றதா என்று பார்ப்பவர்கள் அகராதியைப் பார்ப்பதில்லை. எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் கண்ணில் அது படுகிறது, அவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்றே பார்க்கிறார்கள்.

கண்சிமிட்டலே இல்லாமல் நேராகச் சொன்ன நிறுவனமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரெடக்ஸ் பெவரேஜஸ் 2006-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஊக்க பானத்தின் பெயரே 'கொக்கெய்ன்'. டப்பாவின் மேல் அந்தப் பெயர் வெண்பொடியால் எழுதியதுபோல் அமைந்திருந்தது. உள்ளே கொக்கெய்ன் இல்லை. 250 மில்லி அளவுள்ள டப்பாவில் 280 மில்லிகிராம் கஃபீன் இருந்தது, அதாவது அதே அளவுள்ள ரெட் புல் டப்பாவில் உள்ள 80 மில்லிகிராமைப் போல் மூன்றரை மடங்கு. சட்டத்துக்கு உட்பட்ட மாற்று இது என்ற கருத்தில் விளம்பர வாசகங்களும் இருந்தன. 2007 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் எடுத்துக்கொண்ட வழி கவனிக்கத் தக்கது. பெயர் ஒழுக்கக்கேடானது என்று அந்த அமைப்பு வாதிடவில்லை. அப்படி வாதிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. தெருவில் விற்கும் போதைப்பொருளுக்கு மாற்று என்று நீங்களே விளம்பரம் செய்வதால், உங்கள் பானத்தைச் சத்துணவுப் பொருளாகக் கருத முடியாது, அது அனுமதி பெறாத மருந்தாகிவிடுகிறது என்று வாதிட்டது. தன் விளம்பர வாசகத்தாலேயே அந்தப் பானம் சட்டத்தில் சிக்கியது. அதே ஆண்டு நிறுவனம் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்தப் பெயரை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

சட்டத்துக்கும் சமூகப் பொறுப்புக்கும் உள்ள இடைவெளியை இந்த நிகழ்வு காட்டுகிறது. சட்டம் பொருளின் வகை, அனுமதி, உரிமம் என்று கையில் பிடிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைத் தேடும். குறிப்பால் மட்டும் பேசும் விளம்பரத்தில் அப்படிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில்தான் விளம்பரத் துறையினர் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட நெறிமுறைகளும் பொதுமக்களின் புகார்களும் வேலை செய்கின்றன.

பிரிட்டனில் 2011-இல் நடந்தது உணவைப் பற்றியதன்று, வாசனைத் திரவியத்தைப் பற்றியது; ஆயினும் தீர்ப்பின் தர்க்கம் உணவுக்கும் பொருந்தும் என்பதால் குறிப்பிடுகிறேன். இவ் சான் லோரான் நிறுவனத்தின் 'பெல் தோப்பியம்' என்னும் வாசனைத் திரவியத்தின் பெயரிலேயே அபின் இருக்கிறது. அதன் தொலைக்காட்சி விளம்பரத்தில் நடனமாடும் பெண் தன் முழங்கையின் உட்புறத்தில் விரலால் தொட்டுக் காட்டுவார். புகார் செய்தவர்கள் 13 பேர் மட்டுமே. அந்தச் சைகை ஊசி போட்டுக்கொள்வதைப் போலிருக்கிறது என்று விளம்பரத் தரநிலை ஆணையம் ஏற்று, விளம்பரம் பொறுப்பற்றது என முடிவுசெய்து, மீண்டும் ஒளிபரப்பக் கூடாது என்றது. பல ஆண்டுகளாக அபினின் பெயரைத் தாங்கிய வாசனைத் திரவியங்கள் கடைகளில் இருந்தன. அந்தப் பெயரோடு முழங்கைச் சைகையும் ஒன்றுசேர்ந்தபோதுதான் பொருள் மாறியது. எண்ணிக்கையும் ஒரு பொருட்டாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேர் புகார் செய்தாலும் அடிப்படை இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள்; 13 பேரின் வாசிப்பு நியாயமானதாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

நிறுவனத்துக்கு அப்படி ஒரு நோக்கமே இல்லாவிட்டால் என்ன செய்வது? எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் கடினமாகத் தோன்றும் கேள்வி இதுதான். 2007-இன் பிற்பகுதியில் ஹெர்ஷி நிறுவனம் 'ஐஸ் பிரேக்கர்ஸ் பேக்ஸ்' என்ற புத்துணர்ச்சி மிட்டாயை வெளியிட்டது. வாயில் கரையும் சிறிய பை, அளவில் ஒரு நாணயம் போன்றது, உள்ளே இனிப்புப் பொடி. ஹெர்ஷியின் தலைமையகம் இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஃபிலடெல்ஃபியா நகரின் போதைப்பொருள் தடுப்புக் காவலர்கள், தெருவில் கொக்கெய்ன் விற்கப்படும் சூடுவைத்து ஒட்டிய சிறு பைகளைப் போலவே இது இருக்கிறது என்றார்கள். இந்த மிட்டாய்க்குப் பழகிய குழந்தை, தெருவில் கிடக்கும் உண்மையான பையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்னாகும் என்பது அவர்கள் கவலை. அப்படி எதையும் ஒத்திருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணவில்லை என்று நிறுவனம் விளக்கியது. அதை நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் 2008 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நோக்கம் தூய்மையானதாக இருந்தாலும் விளைவுக்குப் பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

அதே ஹெர்ஷி 2014-இல் மறுபக்கம் நின்றது. கொலராடோ மாநிலத்தில் கஞ்சா கலந்த தின்பண்டங்களைத் தன் சாக்லேட்டுகளின் பெயர்களையும் உறைகளையும் ஒத்த வடிவில் விற்றதாக ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தது. உணவு போதைப்பொருளின் வேடத்தைப் போட்டுக்கொள்வதும், போதைப்பொருள் உணவின் வேடத்தைப் போட்டுக்கொள்வதும் ஒரே கண்ணாடியின் இரு பக்கங்கள். 2023 ஜூலையில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையமும் உணவு, மருந்து நிர்வாக அமைப்பும் சேர்ந்து ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பின. குழந்தைகள் விரும்பும் வறுவல், மிட்டாய் உறைகளை அப்படியே பார்த்துச் செய்ததுபோன்ற பொட்டலங்களில், மயக்கம் தரும் டெல்டா-8 டிஎச்சி கலந்த பண்டங்களை அவை விற்றதே காரணம். எது தின்பண்டம், எது தின்பண்டம் அன்று என்று ஒரு குழந்தை பார்வையால் பிரித்தறியும் கோடு எந்தப் பக்கத்திலிருந்து அழிந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் முனையில் சிவப்புச் சாயம் தீட்டிய சிகரெட் மிட்டாய் வாங்கி, புகைவிடுவதுபோல் பாவனை செய்தவர்களுக்கு இது சற்று மிகையாகத் தோன்றலாம். புகையிலை சட்டவிரோதமானதும் அன்று. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, சிறுவரைக் கவரும் வகையில் புகையிலைப் பொருளின் வடிவில் செய்யப்படும் இனிப்புகளையும் தின்பண்டங்களையும் பொம்மைகளையும் தடுப்பது பற்றிப் பேசுகிறது. பாவனை பழக்கமாவதற்கு உள்ள தூரம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடலாம். அந்தத் தூரத்தை மிட்டாய் விற்பவர் குறைத்துக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அந்தப் பிரிவின் அடிப்படை.

சிறுவரைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இருக்க, அதிகம் பேசப்படாத மற்றொரு தரப்பினர் உண்டு. நியூயார்க்கின் மில்க் பார் என்னும் இனிப்பகத்தில் புகழ்பெற்ற பண்டம் ஒன்றின் பெயர் 'கிராக் பை' என்று இருந்தது. கிராக் என்பது புகைக்கும் வகையில் கட்டியாக்கப்பட்ட கொக்கெய்ன். 1980-களில் அமெரிக்க நகரங்களின் ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை அது சீரழித்தது. அதைவிடக் கொடியதாக அமைந்தது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். பொடி கொக்கெய்ன் 500 கிராம் விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ என்ன குறைந்தபட்சத் தண்டனையோ அதே ஐந்தாண்டுச் சிறையை, வெறும் 5 கிராம் கிராக்குக்கு அது விதித்தது. நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் 2010-இல்தான் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைக்கப்பட்டது. தகப்பனையோ அண்ணனையோ அந்தச் சட்டத்தில் இழந்த ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெயரைப் பார்க்கும்போது, அதில் உள்ள வேடிக்கை யாருடைய செலவில் நடக்கிறது என்பது அவருக்கு விளங்கும். 2019-இல் மில்க் பார் தானாகவே அந்தப் பண்டத்துக்கு 'மில்க் பார் பை' என்று பெயர் மாற்றியது. எந்த அரசும் கட்டளையிடவில்லை.

எதிர்வாதங்களையும் கேட்க வேண்டும். கஞ்சா விற்பனையே சட்டப்படி நடக்கும் மாநிலத்தில் 4.20 டாலர் விலை வைப்பதில் என்ன தவறு என்பது ஒன்று. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் நாளிலிருந்து வயதுவந்தோருக்கு அந்த விற்பனை சட்டபூர்வமானது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தடை தொடர்ந்தது. லாங் பீச் நகரின் மூன்று கிளைகளோடு நிறுத்திக்கொண்டதில் ஓரளவு நிதானம் தெரிகிறது என்றே சொல்வேன். அதே விளம்பரம் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் நாடெங்கும் ஒளிபரப்பானால் கணக்கு மாறும். நகைச்சுவைக்கும் பேச்சுரிமைக்கும் கட்டுப்பாடா என்பது மற்றொரு வாதம். அதில் உண்மை உண்டு. ஓர் எழுத்தாளரின் நகைச்சுவைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஆனால் விளம்பரம் பணம் கொடுத்து வாங்கிய இடத்தில், கேட்காதவர் காதிலும் ஒலிக்கும் பேச்சு. கேட்பவருக்குத் தேர்வு குறையக் குறையப் பேசுபவருக்குப் பொறுப்பு கூடும்.

தென்கொரியாவின் கதைக்குத் திரும்பலாம். மயாக் என்ற முன்னொட்டு பரவிய காலத்தில் அந்த நாடு போதைப்பொருள் தொல்லை குறைந்த நாடாகத் தன்னைக் கருதியது. அரிதாக நிகழும் ஒன்றைப் பற்றிய கேலி யாரையும் சுடவில்லை. பின்னர் நிலைமை மாறியது. 2023-இல் பிடிபட்ட போதைப்பொருள் குற்றவாளிகளின் எண்ணிக்கை 27,611. ஓராண்டில் இருபதாயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஏப்ரலில், சியோலின் கங்னம் பகுதியில் தனிப்பயிற்சி நிலையங்கள் நிறைந்த தெருக்களில், கவனத்தையும் நினைவாற்றலையும் கூட்டும் புதிய பானம், சுவைத்துப் பாருங்கள் என்று சொல்லி மாணவர்களுக்குப் பாட்டில்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் மெத்தாம்பெட்டமின் கலந்திருந்தது. உங்கள் பிள்ளை போதைப்பொருள் அருந்தியதைக் காவல்துறையிடம் சொல்லிவிடுவோம் என்று பெற்றோரை மிரட்டிப் பணம் கேட்பதே அந்தக் கும்பலின் திட்டம். உணவு விளம்பரத்தின் வேடத்திலேயே போதைப்பொருள் பிள்ளைகளின் கையில் வந்து சேர்ந்த பிறகு, கடைப்பலகையில் தொங்கிய பழைய கேலி பழையபடி ஒலிக்கவில்லை. சொல் அதேதான், கேட்கும் ஊர் மாறிவிட்டது.

அந்த நாடு தேர்ந்தெடுத்த வழி எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. பெயரை வைத்த கடைக்காரர்களில் பெரும்பாலோர் போதைப்பொருளைப் பரப்ப நினைத்தவர்கள் அல்லர். ஊரில் வழங்கிய சொல்லை எடுத்துப் பலகையில் எழுதியவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கினால் அது அநியாயமாகியிருக்கும். ஆகவே சட்டம் தண்டனை விதிக்காமல் பரிந்துரையோடு நின்றது. பலகையையும் உணவுப்பட்டியலையும் மாற்றும் செலவுக்கு அரசு நிதியிலிருந்து உதவி பெறவும் வழி செய்தது. குவாங்ஜாங் சந்தையின் சோற்றுச் சுருளைப் பொறுத்தவரை, அளவில் சிறிய கிம்பாப்பைக் குறிக்க 'கோமா கிம்பாப்', அதாவது குட்டிக் கிம்பாப், என்ற பெயர் கொரிய மொழியில் முன்பே உண்டு. பலகையை மாற்ற முன்வரும் கடைக்காரர் புதிய சொல் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.